அக்கா ஆன்லைன்ல இருக்காங்க

நேரா விஷயத்துக்கு வர்றேன். நம்ம லைப்ரரிக்கு ஒரு வாட்ஸ்அப் நம்பர் இருக்குன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? இன்ஸ்டாகிராம் பக்கம் ஒண்ணு இருக்குன்னு? ரெண்டாவது கேள்விக்குத் "தெரியாது"ன்னு சொன்னா தப்பே இல்லை. அந்தப் பக்கத்தை ஆரம்பிச்சவங்களே இப்போ அதை அதிகமா தொடுறதில்லை. ஏன் விட்டாங்க, அதுக்குப் பதிலா என்ன செஞ்சாங்க, அது உங்களுக்கும் எனக்கும் ஏன் முக்கியம்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்லயே ஒரு டிஸ்க்ளெய்மர் போட்டுக்கறேன். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். ப்ளஸ் டூவுக்கு அப்புறம் தமிழ்ல நான் எழுதின நீளமான விஷயம் இதுதான். ஒற்றுப் பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க, நான் ஃபைனல் இயர், கிளம்பிடுவேன்.

நான் சொல்லப் போறது சர்க்குலேஷன் கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கற அக்காவைப் பத்தி. பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால அக்கான்னே வச்சுக்குவோம். நூலக அறிவியல் படிச்சவங்க. நம்மள்ல நிறைய பேர் பொறந்த காலத்துல இருந்து இங்க வேலை பார்க்கறாங்க. அவங்க சேர்ந்தப்போ மர டிராயர்ல கார்டு கேட்டலாக் இருந்திருக்கு. சம்பளம் கன்சாலிடேட்டட் பே, வருஷா வருஷம் ரினிவல். நாம புக் ரினிவல் பண்றது மாதிரி அவங்க வேலையை ரினிவல் பண்றாங்க. இந்த ஜோக்கை அடிச்சது நான் இல்லை, அக்காவேதான்.

எல்லாரும் அங்க இருந்தா நான் ஏன் இல்லை?

போன வருஷம் ஜூலையில ஒரு பேச்சு வந்தது. ரீடிங் ஹால் இப்போ ராத்திரி 8 மணி வரைக்கும் திறந்திருக்கு. அதை 5 மணிக்கே மூடிடலாமான்னு நிர்வாகம் யோசிக்குது. காரணம், 5 மணிக்கு மேல வர்றவங்க எண்ணிக்கை கம்மி. வாசல்ல ஐடி கார்டை ஸ்கேன் பண்றோமே, அந்தக் கணக்குதான் ஆதாரம். ஒரு வருஷம் பார்த்துட்டு ஏப்ரல்ல முடிவு பண்ணலாம்னு தள்ளி வச்சிருக்காங்க.

5 மணிக்கு மேல வர்றவங்க கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கம்மியான பேர்ல நான் ஒருத்தன். நான் டே ஸ்காலர். எங்க வீட்டுல ரெண்டு ரூம், ஒரு டிவி, சாயங்காலம் டியூஷனுக்கு வர்ற குட்டிப் பசங்க பத்துப் பேர் (அம்மா எடுக்கறாங்க). எட்டு மணிக்கு முன்னாடி வீட்டுல ஒரு பக்கம் கூடப் படிக்க முடியாது. செகண்ட் இயர்ல இருந்து நான் படிச்சதெல்லாம் அந்த ஹால்லதான். அங்க வர்ற மத்தவங்களையும் எனக்குத் தெரியும். கேட் எக்ஸாமுக்குப் படிக்கற ரெண்டு சீனியர், லேட் பஸ்ஸுக்குக் காத்திருக்கற ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்க, ஹாஸ்டல்ல ரூம்மேட் தொல்லை தாங்காம ஓடி வர்றவங்க.

அந்தப் பேச்சு நடந்தப்போ, "இப்போ எல்லாமே ஆன்லைன்லயே கிடைக்குது, பசங்க எதுக்கு லைப்ரரிக்கு வரணும்?"னு யாரோ கேட்டாங்களாம். அக்காவுக்குக் கோபம் வரலை, யோசனைதான் வந்திருக்கு. மறுநாள் நான் புக் ரிட்டர்ன் பண்ணும்போது கேட்டாங்க:

"ஏன் தம்பி, பசங்க எல்லாரும் ஆன்லைன்லதான் இருக்காங்கன்னா, நான் ஏன் அங்க இல்லை?"

ரீல்ஸ் காலம்

முதல்ல இன்ஸ்டாகிராம். ஐடியா கொடுத்தது நம்ம பசங்கதான். "அக்கா, ரீல்ஸ் போடுங்க, ட்ரெண்டிங் ஆடியோ வைங்க, அப்பதான் ரீச் வரும்." அக்கா கேன்வாவில போஸ்டர் பண்ணக் கத்துக்கிட்டாங்க. ப்ளஸ் ஒன் படிக்கற அவங்க பொண்ணுதான் டீச்சர். "அம்மா, ஒரே போஸ்டர்ல ஏழு கலர் வேண்டாம்"னு தினமும் திட்டு விழுமாம்.

முதல் போஸ்ட் இங்கிலீஷ்ல வந்தது. நோட்டீஸ் போர்டு இங்கிலீஷ் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். "மாணவர்கள் அனைவருக்கும் இதன் மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில்" அப்படிங்கறதோட இங்கிலீஷ் வடிவம். லைக் போட்டவங்க நாலு பேர், அதுல ஒருத்தி அவங்க பொண்ணு. அப்புறம் புது புத்தகங்களை அடுக்கி வச்சு ஒரு ரீல். பாட்டு நல்லாத்தான் இருந்தது. பார்த்தவங்கள்ல ஒருத்தர் கூட அந்தப் புத்தகத்தைக் கேட்டு வரலை.

இங்க நின்னு ஒண்ணு சொல்லணும். பொதுவா இந்த மாதிரி கதையில "வயசானவங்க டெக்னாலஜி கத்துக்க முயற்சி பண்ணாங்க, பாவம்"னு ஒரு தொனி வந்துடும். அப்படி இல்லை. ரீல் எடுக்கறதை ஒரே வாரத்துல கத்துக்கிட்டாங்க. கருவி அவங்க கைக்கு வந்துடுச்சு. அந்தக் கருவியால யாருக்கு என்ன உபயோகம்னுதான் புரியலை. அந்தக் கேள்வியை நம்மள்ல எத்தனை பேர் கேட்கறோம்? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல முதல்ல ஏ.ஐ.ன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட் தேடறோம்.

டீ டைம்ல 15 நிமிஷம்

அப்போ நெட்ல ஒரு பழைய விஷயம் என் கண்ணுல பட்டது. அக்காகிட்ட சொன்னேன், ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உங்களுக்கும் சொல்றேன்.

2006. அமெரிக்காவில வட கரோலினா மாநிலத்துல சார்லட்னு ஒரு ஊர். அங்க இருக்கற சார்லட் மெக்லன்பர்க் பொது நூலகத்துல ஹெலீன் ப்ளோவர்ஸ்ங்கறவங்க ஊழியர்களுக்காக ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. பேர் லேர்னிங் 2.0, ஆனா '23 திங்ஸ்'னு சொன்னாதான் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்தை நினைச்சுப் பாருங்க. யூடியூப் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ட்விட்டர் அந்த வருஷம்தான் பொறந்தது. நூலக ஊழியர்களுக்கு 23 சின்னச் சின்ன வேலை கொடுத்தாங்க. ப்ளாக் ஒண்ணு ஆரம்பி, ஃப்ளிக்கர்ல ஒரு போட்டோ போடு, விக்கியில ஏதாவது சேர்த்துப் பாரு, பாட்காஸ்ட் கேளு, இப்படி. கிளாஸ் கிடையாது, பரீட்சை கிடையாது. அவங்கவங்க வேகத்துல செஞ்சு பார்த்து, செஞ்சதைப் பத்தித் தன்னோட ப்ளாக்ல எழுதணும். முழுசா முடிச்சவங்களுக்கு ஒரு எம்பி3 பிளேயர் பரிசு. இந்தத் திட்டத்தை யார் வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்னு விட்டதால, பல நாட்டு நூலகங்கள் இதையே தங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தி நடத்தினாங்க.

இதைக் கேட்டுட்டு அக்கா சொன்னது: "பரவாயில்லையே. நமக்கு எம்பி3 பிளேயர் யார் தருவா?"

ஆனா அடுத்த நாளே ஒரு 40 பக்க நோட்டு வந்தது. வாரத்துக்கு ஒரு கருவி. டீ டைம்ல 15 நிமிஷம் மட்டும். ஒவ்வொண்ணுக்கும் மூணு காலம்: இது என்ன செய்யும், யாருக்கு வேணும், நான் தொடரப் போறேனா. மூணாவது காலத்துல நிறைய இடத்துல "வேண்டாம்"னு எழுதியிருக்கு. இன்ஸ்டாகிராமுக்கு "வருஷத்துல ரெண்டு, மூணு தடவை போதும்". அந்த நோட்டைப் பார்த்தப்போ எனக்கு நம்ம லேப் அப்சர்வேஷன் நோட்டு ஞாபகம் வந்தது. ஒரே வித்தியாசம், இதுல ரீடிங் எல்லாம் ஒரிஜினல்.

க்யூஆர் கோடு ஒரு நல்ல உதாரணம். ஒவ்வொரு ரேக் ஓரத்துலயும் ஒரு கோடு ஒட்டினாங்க. ஸ்கேன் பண்ணா அந்தப் பாடத்துக்கான இலவச ஆன்லைன் புத்தகங்களோட லிங்க் வரும். ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்துற நேஷனல் டிஜிட்டல் லைப்ரரி, முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கற ஷோத்கங்கா, என்.பி.டி.இ.எல். வீடியோ, இதெல்லாம். ஐடியா சூப்பர். ஆனா அந்த இரும்பு ரேக்குக்கு நடுவுல போன்ல டவரே எடுக்கலை. ஈ.சி.ஈ. பசங்க நாங்க "அக்கா, இது ஃபாரடே கேஜ்"னு கலாய்ச்சோம். அவங்க கோடையெல்லாம் உரிச்சுட்டு, வாசல்ல பை வைக்கற இடத்துல ஒரே ஒரு சார்ட்டா ஒட்டிட்டாங்க. அங்க சிக்னலும் இருக்கு, நாம வரிசையில சும்மா நிக்கற நேரமும் இருக்கு. நோட்டுல மூணாவது காலம்: "தொடரலாம், இடம் மாத்தி."

பேமென்ட் பெண்டிங்

கடைசியில கை கொடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். கடைக்காரங்க வச்சிருக்கற அதே ஆப்தான். அதுல ஒவ்வொரு சாட்டுக்கும் லேபிள் போடலாம். ஆப்ல முதல்லயே இருக்கற லேபிள் எல்லாம் கடைக்கானது: புது கஸ்டமர், புது ஆர்டர், பேமென்ட் பெண்டிங், இந்த மாதிரி. அக்கா அதை மாத்தவே இல்லை. ஃபைன் கட்டாதவங்க எல்லாம் "பேமென்ட் பெண்டிங்". ஃபர்ஸ்ட் இயர் எல்லாம் "புது கஸ்டமர்". உங்க பேருக்குப் பக்கத்துல என்ன லேபிள் இருக்குன்னு யோசிச்சுக்கங்க.

இந்தத் தடவை தமிழ்ல எழுதினாங்க. அக்கா தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணவங்க. நான் தங்கிலீஷ்ல அடிச்சு, போன் அதைத் தமிழா மாத்தி, அது தப்பா மாத்தினதை நான் திருத்தி முடிக்கறதுக்குள்ள அவங்க ஒரு பாரா அடிச்சிடுவாங்க. மெசேஜ் இப்படித்தான் இருக்கும்:

"தம்பி தங்கைகளா, ஓப்பன்ஹைம் சிக்னல்ஸ் புத்தகம் ரெண்டு காப்பி இன்னைக்குத் திரும்ப வந்திருக்கு. 621.382 ரேக்ல இருக்கு. 4 மணிக்குள்ள வந்தா கிடைக்கும். அதுக்கப்புறம் கிடைச்சா அது உங்க அதிர்ஷ்டம்."

போஸ்டரும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனா இதைப் பார்த்துட்டு ஆள் ஓடி வந்தது. நானே ஓடியிருக்கேன். நமக்குத் தேவை இருக்கறப்போ, தேவையான விஷயம் மட்டும், தெரிஞ்ச ஒருத்தர் குரல்ல வருது. அவ்வளவுதான் ரகசியம்.

இன்னொண்ணு, புத்தகம் இருக்கான்னு வீட்டுல இருந்தே பார்க்கலாம்னு எனக்குத் தெரிஞ்சது அந்த வாட்ஸ்அப் லிங்க்காலதான். நம்ம கேட்டலாக் ஓடறது கோஹாங்கற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்ல. நியூசிலாந்துல ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக எழுதினது. அவங்க பழைய சிஸ்டம் 2000-ஆம் வருஷத்தைத் தாண்டாதுன்னு தெரிஞ்சதும் புதுசா எழுத வச்சு, 2000 ஜனவரியில ஓட விட்டு, எல்லாருக்கும் இலவசமா கொடுத்துட்டாங்க. மாவோரி மொழியில கோஹான்னா அன்பளிப்பு. இப்போ உலகம் பூரா நூலகங்கள் பயன்படுத்துது.

கோஹாவுக்குத் தெரியாதது

இருந்தாலும் கோஹாவுக்கு ஒரு விஷயம் தெரியாது. செம் எக்ஸாம் நேரத்துல கேட்டலாக்ல "அவைலபிள்"னு காட்டும். ரேக்ல போய்ப் பார்த்தா புத்தகம் இருக்காது. ஏன்னா நம்ம ஆளு யாரோ ஒருத்தர், அடுத்தவன் எடுக்கக் கூடாதுன்னு அதை வேற ரேக்ல ஒளிச்சு வச்சிருப்பார். (நீங்க இல்லை, தெரியும். உங்க ஃப்ரெண்டு.)

எங்க ஒளிச்சிருப்பாங்கன்னு அக்காவுக்குத் தெரியும். "யாரும் போகாத ரேக்ல தேடு. 894.811." அது தமிழ் இலக்கியம். சங்க இலக்கிய உரைக்குப் பின்னாடி கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் புத்தகம் இருந்ததை என் கண்ணால பார்த்தேன். தமிழ் ரேக்குக்கு யாரும் வர மாட்டாங்கன்னு நம்ம பசங்க நம்பற அளவுக்கு நிலைமை இருக்கேன்னு கஷ்டமாவும் இருந்தது. அந்த வாரம் அக்கா அந்த ரேக் படத்தையே வாட்ஸ்அப்ல போட்டு, "ஒளிக்க வந்தவங்க அப்படியே ஒரு கதை புத்தகமும் எடுத்துட்டுப் போங்க"ன்னு எழுதினாங்க. ரெண்டு பேர் எடுத்திருக்காங்க.

அப்புறம் சாட்பாட். இதுவும் நோட்டுல ஒரு வாரத்துக் கருவிதான். நாம எல்லாரும் நமக்குத் தெரியாததை அதுகிட்ட கேட்போம். அக்கா நேர் எதிரா செஞ்சாங்க. தனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணைக் கேட்டாங்க: நூலக அறிவியல்ல ஒரு குறிப்பிட்ட தலைப்புக்குப் புத்தகப் பட்டியல் கொடுன்னு. அழகா பத்து வந்தது. ஆசிரியர் பேர், பதிப்பகம், வருஷம் எல்லாமே கச்சிதம். அதுல சிலது அவங்க படிச்சது, சிலது கேள்விப்பட்டது, மூணு எங்க தேடியும் இல்லவே இல்லை.

"எனக்குத் தெரிஞ்சதைக் கேட்டாதான தம்பி, அதுக்கு எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியும்."

இது சும்மா சொல்ற விஷயம் இல்லை. போன மாசம் ஒரு தேர்ட் இயர் டீம் மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ரெஃபரன்ஸ் லிஸ்ட் எடுத்துட்டு வந்து, "இந்த பேப்பர் எல்லாம் கிடைக்குமா?"ன்னு கேட்டாங்க. அக்கா ஒவ்வொண்ணா டி.ஓ.ஐ. நம்பரை வச்சுப் பார்த்தாங்க, தலைப்பை கூகுள் ஸ்காலர்ல போட்டுப் பார்த்தாங்க. சிலதுக்கு நம்பர் வேற ஏதோ ஒரு பேப்பருக்குப் போச்சு. சிலது உலகத்துலயே கிடையாது. ரிவ்யூவுக்கு நாலு நாள் இருந்ததால அந்த டீம் தப்பிச்சது. அவங்களை அக்கா திட்டலை, கிண்டல் பண்ணலை. உட்கார வச்சு ஒரு பேப்பர் நிஜமா இருக்கான்னு எப்படிப் பார்க்கறதுன்னு சொல்லிக் கொடுத்து, அதே அஞ்சு ஸ்டெப்பை அன்னைக்கு சாயங்காலமே வாட்ஸ்அப்ல போட்டாங்க. அந்த மெசேஜ் எல்லா டிபார்ட்மென்ட் குரூப்புக்கும் ஃபார்வேர்ட் ஆச்சு. உங்களுக்கும் வந்திருக்கும். யார் எழுதினதுன்னு தெரியாமலே படிச்சிருப்பீங்க.

ஒரு கணக்கு வாத்தியாரும் ஒரு மாட்டு வண்டியும்

ஆகஸ்ட் 12 தேசிய நூலகர் தினம். அக்கா இன்ஸ்டாகிராம்ல இன்னும் போஸ்ட் போடற அபூர்வ நாட்கள்ல ஒண்ணு. அது எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த நாள். 1892-ல சீர்காழியில பொறந்தவர். மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவரை 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகர் ஆக்கினாங்க. அவருக்கு அந்த வேலை முதல்ல பிடிக்கவே இல்லையாம், திரும்ப கிளாஸுக்கே போகத் துடிச்சிருக்கார். அப்புறம் லண்டன் போய்ப் படிச்சு, அங்க நூலகங்கள் நடக்கற விதத்தைப் பார்த்துட்டு வந்து, வாழ்க்கை முழுக்க அதையே செஞ்சார். லண்டன் கடையில மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்து, துண்டு துண்டா சேர்த்து எந்தப் பாடத்துக்கும் ஒரு எண் உருவாக்கலாம்னு தோணி, கோலன் வகைப்பாடு பிறந்தது. மாட்யுலர் டிசைன்னு இன்னைக்கு நாம பெருமையா சொல்றோமே, அதேதான்.

1931-ல அவர் நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினார். நாலாவது விதி, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்தணும்ங்கறது. அக்கா அந்த விதியைத் தன் நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வச்சிருக்காங்க. அவங்களோட மூணாவது காலத்துக்கு அதுதான் அளவுகோல். போஸ்டர் பண்ண ரெண்டு மணி நேரம் ஆகுது, யாருக்கும் நேரம் மிச்சமாகலை, அப்போ வேண்டாம். ஒரு வரி வாட்ஸ்அப்ல ஒருத்தன் மூணு மாடி ஏறி இறங்கறது மிச்சமாகுது, அப்போ வேணும்.

அதே 1931-ல மன்னார்குடியில ஒரு மாட்டு வண்டியில நூலகம் கிளம்பிச்சு. கனகசபைப் பிள்ளைங்கற பொறியாளர் அதை உருவாக்கினார், ரங்கநாதன் தொடங்கி வச்சார். வண்டி ஊர் ஊராப் போய்ப் புத்தகம் கொடுத்து வாங்கியிருக்கு. இந்தக் கதையை அக்கா சொன்னப்போதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. மாட்டு வண்டி அந்தக் காலத்துல பெரிய டெக்னாலஜி இல்லை. எல்லா ஊர்லயும் இருந்த சாதாரண வண்டி. அது ஜனங்க இருக்கற இடத்துக்குப் போகும், அதனாலதான் அதை எடுத்தாங்க. இன்னைக்கு நாம இருக்கற இடம் வாட்ஸ்அப். நாம என்ன தேடறோம்னு தெரிஞ்ச ஒரு ஆள் அதுக்குள்ள இருந்தா, அதுவும் லைப்ரரிதான்.

கணக்குல வராத வேலை

இனி சீரியஸான பகுதி.

ஆரம்பத்துல இது அக்காவோட சொந்த நம்பர். ராத்திரி பதினொன்றரைக்கு "அக்கா புக் ரினிவல் பண்ணுங்க ப்ளீஸ்"னு மெசேஜ் வரும். எக்ஸாம் வாரத்துல காலைல அஞ்சு மணிக்கே வரும். ஒரு தடவை அவங்க உறவுல ஒரு துக்க வீட்டுல இருந்தப்போ ஒருத்தன் "ஹலோ" "ஹலோ"ன்னு ஒன்பது மெசேஜ் அனுப்பியிருக்கான். அப்புறம் தன் காசுல இன்னொரு சிம் வாங்கினாங்க. 8 மணிக்கு மேல அனுப்பினா "கவுன்ட்டர் மூடியாச்சு, நாளைக்குப் பேசுவோம், சாப்பிட்டுத் தூங்குங்க"ன்னு தானா ஒரு பதில் வரும்படி வச்சிருக்காங்க. அந்த ரீசார்ஜும் அவங்க காசுதான்.

இவ்வளவு செஞ்சும், இதுல எதுவுமே வாசல் ஸ்கேனர்ல ஏறாது. யோசிச்சுப் பாருங்க. வாட்ஸ்அப்ல கேட்டு, புத்தகம் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு, மூணு மாடி ஏறாம நீங்க வீட்டுக்குப் போனா, அது நல்ல சேவை. ஆனா ரெஜிஸ்டர் கணக்குல ஒரு ஆள் குறைவு. அவங்க எவ்வளவு நல்லா வேலை செய்யறாங்களோ, அந்த எண் அவ்வளவு குறையும். நாக் மதிப்பீட்டுக்கான விவரங்கள்ல கூட நூலகத்துக்கு நேர்ல வந்தவங்க எண்ணிக்கையோட ஆன்லைன் லாகின் கணக்கையும் கேட்கற வழக்கம் இருந்திருக்கு. நம்ம 8 மணி விவகாரத்துல பார்க்கறது வாசல் ஸ்கேனரை மட்டும்தான்.

அக்கா இதுக்கும் ஒரு வழி பண்ணாங்க. அந்த 40 பக்க நோட்டு முடிஞ்சதும் ரெண்டாவது நோட்டு போட்டாங்க. வாட்ஸ்அப்ல வந்த ஒவ்வொரு கேள்வி, அதுக்குக் கொடுத்த பதில், வந்த நேரம். பேர் எழுத மாட்டாங்க, டிபார்ட்மென்ட் மட்டும். அதைப் புரட்டிப் பார்க்க எனக்கு அனுமதி கொடுத்தாங்க. சாயங்காலம் 5-ல இருந்து 8 வரைக்கும் வந்த கேள்விகள்தான் பக்கம் பக்கமா இருக்கு. கிளாஸ் நடக்கற நேரத்துல யாரும் கேட்கறதில்லை. கிளாஸ் முடிஞ்சு, பஸ் ஏறி, அசைன்மென்ட் ஞாபகம் வந்த அப்புறம்தான் நமக்கு லைப்ரரி ஞாபகம் வருது. ஹாலை மூடினா அந்த நேரத்துக்குக் கவுன்ட்டர்ல ஆளும் இருக்காது. ஆள் இல்லைன்னா, ரேக் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்து "இருக்கு, வா"ன்னு பதில் போட யாரும் இல்லை. ஆன்லைன் சேவைன்னு நாம நினைக்கறதுக்குப் பின்னாடி ஒரு ஜோடி கால் நடக்குது.

அந்த நோட்டை நகல் எடுத்து நிர்வாகத்துக்குக் கொடுத்திருக்காங்க. பதில் இன்னும் வரலை. இந்த இதழ் வர்ற நேரத்துல முடிவு தெரியாது. அக்காவோட ரினிவலும் ஜூன்லதான்.

"கிடைக்கலைன்னா என்னக்கா பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன்.

"வேற ஒரு லைப்ரரி இருக்கும் தம்பி. இந்த ரெண்டு நோட்டையும் எடுத்துட்டுப் போவேன்."

எனக்கு இங்க இன்னும் மூணு மாசம்தான். 5 மணிக்கு மூடினாலும் திறந்திருந்தாலும் ஜூலையில நான் இருக்க மாட்டேன். நீங்க இருப்பீங்க. உங்கள்ல என்னை மாதிரி ரெண்டு ரூம் வீட்டுல இருந்து வர்றவங்க இருப்பாங்க. அடுத்த ஆகஸ்ட்ல புதுசா சேரப் போறவங்கள்லயும் இருப்பாங்க, அவங்களுக்கு இப்போ இது தெரியாது.

அதனால மூணே மூணு விஷயம் கேட்டுக்கறேன். ஒண்ணு, சாயங்காலம் ஹாலுக்குப் போனா ஐடி கார்டை மறக்காம ஸ்கேன் பண்ணுங்க. நாலு பேர் சேர்ந்து போய் ஒருத்தர் மட்டும் ஸ்கேன் பண்ணிட்டு மத்தவங்க பின்னாடியே நுழையற பழக்கம் வேண்டாம். அந்த மூணு பேரும் கணக்குல கிடையாது. ரெண்டு, வாட்ஸ்அப்ல சந்தேகம் கேளுங்க, ஆனா ராத்திரி 8 மணிக்குள்ள. வாசல் சார்ட்டுல நம்பர் இருக்கு. "ஹாய்"னு மட்டும் அனுப்பிட்டுக் காத்திருக்காதீங்க, கேள்வியை முழுசா அனுப்புங்க. மூணு, ஸ்டூடண்ட் கவுன்சில்ல இருக்கறவங்க இதைப் படிச்சா, ஏப்ரல்ல முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ரெண்டாவது நோட்டை ஒரு தடவை படிச்சுப் பார்க்கச் சொல்லி நிர்வாகத்துகிட்ட கேளுங்க. எழுத்து ரொம்ப அழகா இருக்கும், படிக்கக் கஷ்டமே இல்லை.

கடைசியா ஒரு தகவல். இந்த வாரம் அக்கா நோட்டுல இருக்கற கருவி சொடேரோ. ரெஃபரன்ஸ் எல்லாத்தையும் சேர்த்து வச்சு, ரிப்போர்ட்ல தானா அடுக்கிக் கொடுக்கற இலவச சாஃப்ட்வேர். மூணாவது காலம் இன்னும் காலி. ஃபைனல் இயர் ரிப்போர்ட் எழுதறவங்க யாராவது ரெண்டு பேர் டீ டைம்ல போய் உட்கார்ந்தா, அவங்களுக்கும் சோதிச்சுப் பார்க்க ஆள் கிடைக்கும், உங்களுக்கும் வேலை முடியும். டீ நீங்க வாங்கிக் கொடுங்க.